தாராவி அண்ணாச்சியின் டிக்கெட் நோட்டு

லண்டனிலிருந்து மும்பைக்கு இத்தனை வருடமும் டிசம்பரில்தான் வந்துகொண்டிருந்தேன். மகனுக்குப் பள்ளிக்கூட லீவு அப்போதுதான். போன செப்டம்பரில் அவன் காலேஜுக்குப் போய்விட்டான். அதனால் இந்த முறை ஜனவரி இரண்டாம் வாரம் கிளம்பினேன். முந்தின டிசம்பரில் 860 பவுண்ட் கொடுத்த அதே நேர் விமானத்துக்கு இப்போது 470 பவுண்ட். பக்கத்து சீட் இரண்டும் காலி, காலை நீட்டித் தூங்கிக்கொண்டே வந்தேன்.

இறங்கியதும் இன்னொரு சந்தோஷம். இரண்டாம் டெர்மினல் பக்கத்திலேயே சுரங்க மெட்ரோ. 2024 அக்டோபரில் பிகேசி (பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ்) வரை ஓட ஆரம்பித்த பாதை, 2025 மே மாதம் அம்மா வீடு இருக்கும் தாராவிக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் டாக்சியில் சயான் நெரிசலில் மாட்டி, வீடு போய்ச் சேரும்போது தலைவலி வந்துவிடும். இப்போது அரை மணி நேரத்துக்குள் தாராவி ஸ்டேஷன். தம்பி வெளியே நின்று பெட்டியை வாங்கிக்கொண்டான். பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் மட்டும் டாக்சி பிடியுங்கள்.

ஜனவரியில் வந்ததில் பொங்கலும் கிடைத்தது. தொண்ணூறடி ரோட்டில் தை முதல் நாள் காலையில் பெண்கள் வரிசையாகச் செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டுவார்கள். அம்மாவின் பானைக்கும் அடுத்த வீட்டு அக்காவின் பானைக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சள் கொத்தின் இலை ஒன்று நெருப்பில் கருகி, அந்த வாசனையும் புகையுமாகக் கண் எரிந்தது. பால் பொங்கி வழிந்ததும் தெரு முழுக்கக் குலவை. கல்யாணமாகிப் போனபின் இதை நான் பார்த்ததே இல்லை.

சரி, டிக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவை லண்டனுக்கு அழைத்துப் போக வேண்டும். போன தடவை ஒரு ஆன்லைன் தளத்தில் வாங்கி நொந்துபோனேன். தேதி மாற்ற விமானக் கம்பெனியைக் கூப்பிட்டால் விற்றவரிடம் கேள் என்றார்கள். விற்றவர்கள் போனையே எடுக்கவில்லை. அதனால் இந்த முறை நேராகத் தெருமுனை அண்ணாச்சியிடம் போனேன். திருநெல்வேலிக்காரர். நெல்லை ரயில் டிக்கெட்டில் ஆரம்பித்து, வளைகுடா டிக்கெட் போட்டு வளர்ந்த கடை.

மே மாதம் அனுப்பலாமா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பாமல் மேஜை டிராயரிலிருந்து மளிகைக்கடைப் பேரேடு மாதிரி ஒரு நீள நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வரியிலும் டிக்கெட் போட்ட தேதி, பறந்த தேதி, விலை. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு அம்பு: வெளியே போகிற பயணம் என்றால் மேலே, ஊர் திரும்புகிற பயணம் என்றால் கீழே. பல வருடக் கணக்கு, ஓரமெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு.

“ஏம்மா, மாசத்த மட்டும் பாக்காத. எந்த ஊருப் பிள்ளைகளுக்கு எப்ப லீவு, கூட்டம் எந்தப் பக்கம் போகுது, அத மொதல்ல பாரு” என்றார்.

அப்புறம் விரல் வைத்துக் காட்டினார். ஏப்ரல், மே இங்கே கோடை லீவு. ஐரோப்பா போகிறவர்கள் எல்லோரும் அப்போதுதான் கிளம்புவார்கள். ஜூன் நடுவில் மும்பைப் பள்ளிக்கூடம் திறந்ததும் மேல் அம்புக்கு எதிரே விலை இறங்கியிருக்கிறது. ஜூலை கடைசியில் லண்டன் பள்ளிகள் மூடும். நம் ஆட்கள் அங்கிருந்து இங்கே வருவார்கள். அந்த விமானங்கள் திரும்பிப் போகும்போது அவ்வளவு கூட்டம் இருக்காது. அம்மா போக வேண்டியது அதில். செப்டம்பரில் இங்கிருந்து லண்டனுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் கூட்டம், அதனால் அந்தப் பக்கம் விலை ஏறும். ஆனால் அதே வாரம் லண்டனிலிருந்து மும்பைக்கு வருவது மலிவு. ஜூலை கடைசியில் போய் செப்டம்பர் நடுவில் திரும்பினால் இரண்டு பக்கமும் கூட்டத்துக்கு எதிரே போகலாம். லண்டனில் குளிரும் இருக்காது! நான் ஜனவரியில் வந்ததும் இதே கணக்குதான். புத்தாண்டு முடிந்து எல்லோரும் லண்டன் திரும்பும் வாரத்தில் நான் எதிரே வந்திருக்கிறேன்.

நான் யோசித்தே பார்க்காத ஒன்றையும் சொன்னார். துபாய், தோஹா வழியாக மாறிப் போகும் டிக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பக்கூடாது. ஜூலை, ஆகஸ்டில் வளைகுடாவிலும் பள்ளி லீவு. ஊர் வந்த குடும்பங்கள் ஆகஸ்ட் கடைசியில் திரும்பும்போது மும்பையிலிருந்து துபாய் போகும் சீட்டுக்கே அடிதடி. அந்த வாரங்களில் நேர் விமானத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.

வரி மட்டும் சீசன் பார்க்காது. பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானத்துக்குப் பயணி வரி உண்டு. இந்தியா வர எகானமியில் 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை 90 பவுண்ட், 2026 ஏப்ரல் முதல் 102 பவுண்ட், பதினாறு வயதுக்குக் கீழே இருந்தால் இல்லை. அம்மா திரும்பி வரும்போதும் இது உண்டு. போகிற டிக்கெட்டையும் வருகிற டிக்கெட்டையும் தனித்தனியாக வாங்கினாலும் தப்பிக்க முடியாது.

உடனே பணம் கட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பிரிட்டன் விசிட்டர் விசாவுக்குப் பயணத்துக்கு முந்தின மூன்று மாதத்துக்குள்தான் விண்ணப்பிக்க முடியும், அதற்கு முன்னால் முடியாது. விசா கைக்கு வரட்டும், பிறகு டிக்கெட் என்று திருப்பி அனுப்பினார். கமிஷனை நினைக்காமல் அப்படிச் சொன்னாரே, அதற்காகவே இதை எழுதுகிறேன். ஏப்ரல் கடைசியில் விண்ணப்பம் போடத் தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா இப்போதே பக்கத்து வீட்டு அக்காவிடம் ஸ்வெட்டர் கேட்டு வைத்துவிட்டாள்.