ஒரே கட்டணத்தில் லிதுவேனியமும் மலையாளமும்: மார்த்தாண்டம் பக்கத்து வகுப்பு எப்படி?

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் இருக்கும் பயிற்சி நிலையம் அது. மலையாளம் 40 மணி நேரம், லிதுவேனியம் 40 மணி நேரம், கட்டணமும் ஒன்றே. பாறசாலை, திருவனந்தபுரம் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் முதலாவதில் சேர்கிறார்கள். லாரி ஓட்டவோ படிக்கவோ லிதுவேனியாவுக்குக் கிளம்புகிறவர்கள் இரண்டாவதில். மலையாளம் நமக்குப் பக்கத்து வீடு, லிதுவேனியம் கண்காணாத தேசம் என்று நினைத்துத்தான் பாடம் போட்டிருக்கிறார்கள். கோளாறு அங்கேயே தொடங்குகிறது.

விளம்பரத் தாளில் "லிதுவேனியம் சமஸ்கிருதத்தின் தங்கை, மலையாளம் தெரிந்தால் பாதி தெரிந்த மாதிரி" என்று அச்சடித்திருக்கிறார்கள். உக்னிஸ் என்றால் நெருப்பு, தூமஸ் என்றால் புகை. அக்னி, தூமம் என்று காதில் விழுவது உண்மைதான், உறவும் உண்மைதான். ஆனால் மலையாளம் அந்தச் சொற்களைக் கடன் வாங்கிய திராவிட மொழி, லிதுவேனியம் பிறப்பிலேயே சமஸ்கிருதத்தின் குடும்பம். அதோடு, அக்னியை வைத்துக் கடையில் டீ கேட்க முடியாது. டீக்கு அங்கே 'அர்பதா', தண்ணீருக்கு 'வந்துவோ'. இந்தப் பட்டியலில் உருப்படியாகப் பயன்படுவது 'வீரஸ்' ஒன்றுதான். ஆண் என்று பொருள், நம் வீரனோடு சேர்த்து மனதில் வைக்கலாம். அங்கே கழிப்பறைக் கதவில் ஆண்களுக்கு V, பெண்களுக்கு M. ஆங்கில ஞாபகத்தில் M கதவைத் திறக்கும் ஆண் மாட்டிக்கொள்வார். முக்கோணம் மட்டும் போட்டிருந்தால், முனை கீழே பார்ப்பது ஆண்களுக்கு, மேலே பார்ப்பது பெண்களுக்கு.

லிதுவேனிய ஆசிரியர் உழைப்பாளி. ஆனால் எல்லாவற்றையும் ஆங்கிலம் வழியாகச் சுற்றிக் கொண்டுவருகிறார். 'எனக்குக் குளிருது' என்பதை முதலில் ஆங்கிலத்தில் 'நான்' போட்டு ஆரம்பித்து, பிறகு "இங்கே நான் வராது" என்று அரை மணி நேரம் விளக்குகிறார். தேவையே இல்லை. 'மன் ஷால்தா': மன் என்றால் எனக்கு, அவ்வளவுதான். 'எனக்கு முப்பது வயசு' என்பதும் அதே கட்டு: 'மன் த்ரிஸ்தெஷிம்த் மேத்தூ'. தலைவலிக்கு 'மன் ஸ்கௌதா கால்வா'. இதில் மட்டும் தலை இரண்டாம் வேற்றுமை ஏற்கும், 'எனக்குத் தலையை வலிக்குது' என்பது போல.

வேற்றுமை ஏழு என்றதும் வகுப்பே மிரள்கிறது. நம்மிடம் எட்டு இருக்கிறதே! ஐந்தாம் வேற்றுமையை ஆறாவதோடு சேர்த்துவிட்டால் அவர்களுடைய ஏழு வந்துவிடும். கௌனஸ் ஊரிலிருந்து என்றாலும், கௌனஸின் என்றாலும் சொல் 'கௌனோ' தான். முன்னதற்கு முன்னால் 'இஷ்' என்று ஒரு சொல் ஒட்டும். மூன்றாம் வேற்றுமை நம்முடையதைப் போலவே ஆல், ஓடு இரண்டையும் பார்த்துக்கொள்கிறது. பேனாவால் எழுதுகிறேன் என்பதற்கு 'ரஷௌ துஷினுக்கு'. கடைசி 'க்கு'வைக் கேட்டு 'பேனாவுக்கு' என்று எடுத்துக்கொள்வது இங்கே எல்லாரும் செய்யும் தப்பு. பேனாவின் பெயரே துஷினுகஸ், க அதற்குள் இருப்பது. நமக்கு நிஜமாகவே புதிது எதிர்மறைதான். புத்தகம் இருக்கிறது என்றால் 'க்னீகா', இல்லை என்றால் அதே புத்தகம் 'க்னீகோஸ்' என்று ஆறாம் வேற்றுமைக்கு மாறும். இதற்கு 40 மணி நேரத்தில் பத்து நிமிடம்தான் தருகிறார்கள்.

விலை சொல்லும் பயிற்சி மட்டும் அருமை. யூரோவை எண்ணும்போது 1 எவுரஸ், 2 முதல் 9 வரை எவுரய், 10 முதல் 20 வரை எவுரூ, 21 வந்ததும் மறுபடி ஒருமை எவுரஸ். கல்லாவில் நின்று விளையாடுவது போல நடத்துகிறார்கள், மனதில் தங்குகிறது.

கைப்பிரதிகள்தான் பெரிய குறை. இரண்டு மொழியையும் தமிழ் எழுத்தில் மட்டும் தருகிறார்கள். லிதுவேனியத்தில் 'நீ'க்கு ஒரு து, 'இரண்டு'க்கு இன்னொரு து. முன்னது தம்பி என்பதில் வரும் த போல வல்லோசை, பின்னது தேவன் என்பதில் வரும் தே போல அதிர்வது. தாளில் இரண்டும் ஒன்றுதான். மலையாளத்திலும் இதே கதை. கதை என்றே பாருங்கள், சொல்லும் கதையும் பீமன் கையில் இருக்கும் கதையும் அங்கே வேறு வேறு எழுத்து. முதல் வாரத்திலேயே எழுத்தைக் கற்றுக்கொடுத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. லிதுவேனிய எழுத்து மொத்தமே 32.

மலையாள வகுப்பு சோம்பேறித்தனமாக நடக்கிறது. ஒலி மாற்றம் சொல்லித்தருவது நல்லது: ங்க என்பது ங்ங ஆகும் (மாங்காய், மாங்ங), ஞ்ச என்பது ஞ்ஞ ஆகும் (கஞ்சி, கஞ்ஞி), கடைசி ஐ அகரமாகும் (மலை, மல). ஆனால் விதிவிலக்கைச் சொல்லாததால், ந்த எல்லாம் ந்ந ஆகும் என்று சந்தையைக்கூட 'சந்ந' ஆக்குகிறார்கள். சந்தை அங்கே 'சந்த', பந்து 'பந்து', பங்கு 'பங்கு'.

வினை இன்னும் வழுக்கும். ஞான் வந்நு, அவன் வந்நு, அவர் வந்நு, எல்லாம் ஒன்றே. நாம் வந்தேன் என்று ஒரு சொல்லில் முடிப்பதை அங்கே ஞான் போட்டால்தான் புரியும். லிதுவேனியத்திலோ 'எய்னு' என்றாலே போகிறேன் என்று ஆள் தெரிந்துவிடும். மரியாதையும் அப்படித்தான். லிதுவேனிய 'யூஸ்' அப்படியே நம் நீங்கள். திருவனந்தபுரத்தில் பெரியவரைப் பார்த்து 'நிங்ஙள்' என்றால் முகம் சுளிப்பார். சாரே, சேட்டா, சேச்சி என்று முறை சொல்லி அழைப்பதே வழி. வகுப்பில் இது ஒரு வரிகூட இல்லை.

'கழிச்சோ?' என்றால் சாப்பிட்டாயா, 'பனி' என்றால் காய்ச்சல், 'வெள்ளம்' என்றால் குடிதண்ணீர். விளவங்கோட்டுக்காரருக்குப் பின்னிரண்டும் வீட்டுச் சொல். பொள்ளாச்சியிலிருந்து வந்து சேர்கிறவர்கள் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

லிதுவேனியத்துக்குச் சேரலாம், சொந்தமாக ஒரு நோட்டில் மூல எழுத்தில் எழுதிக்கொண்டால். நிரந்தரக் குடியிருப்புக்கு ஏ2 (ஐரோப்பிய மொழித் தரத்தில் இரண்டாம் படி) தேர்வு எழுத வேண்டும், அதற்கு இந்த 40 மணி நேரம் காணாது. மலையாளத்துக்கு இங்கே பணம் கட்டுவதைவிட, எழுத்தை மட்டும் யாரிடமாவது கற்றுக்கொண்டு, பாறசாலை பஸ்ஸில் பத்து நாள் போய் வாருங்கள்.