ஏபிஎஸ் விளக்கு எரியுதா? மன்னார்குடியில் ஒரு பட்டறை இருக்கு

மூணு வாரமாக என் கார் டேஷ்போர்டில் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்த ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற அமைப்பு) விளக்கு போன சனிக்கிழமை அணைந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன். பட்டறை மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் போகிற சாலையில், ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம். பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் பெரிய புங்கமரம் நிற்கும், அதுதான் அடையாளம்.

முதலில் என் கதை. முன்பக்க இடது சக்கரத்தில் ஒரே இரைச்சல், அறுபதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் (பெயர் வேண்டாம்) பேரிங் போய்விட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். இரைச்சல் நின்றது, வீடு வந்து சேர்வதற்குள் ஏபிஎஸ் விளக்கு வந்துவிட்டது. திரும்பப் போனேன், சக்கர வேகத்தைப் பார்க்கிற சென்சார் அவுட் என்று 2,200 ரூபாய்க்குப் புதுசு போட்டார்கள். அணையவில்லை. மறுபடி போனால் ஏபிஎஸ் யூனிட்டே போச்சு, 42,000 ஆகும் என்கிறார்கள். பிரேக்தான் நன்றாகப் பிடிக்கிறதே, எரிந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு சாயங்காலம் கோட்டூர் பக்கமிருந்து வருகிறேன். நம் பக்கத்தில் உளுந்துச் செடியைப் பிடுங்கி, வண்டி ஏறி அடிபடட்டும் என்று ரோட்டில் பரப்பி வைப்பார்களே, அதன்மேல் ஏறுகிற நேரம் பார்த்துக் குறுக்கே ஒரு ஆடு. மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிக்கொண்டே போகிறது, ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒடியவில்லை. ஆடு தப்பித்தது, அதில் என் திறமை எதுவும் இல்லை.

பட்டறைக்காரருக்கு ஐம்பது வயசு இருக்கும். "அண்ணே, யூனிட் மாத்தணுமாம்" என்று ஆரம்பித்தேன். "அது கெடக்கட்டும் தம்பி, செவப்பு லைட்டும் சேந்து எரியுதா?" என்றுதான் கேட்டார். மஞ்சள் மட்டும் என்றால் சாதாரண பிரேக் இருக்கும், சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற வேலை மட்டும்தான் நடக்காது. பிரேக் ஆயில் அளவு சரியாக இருந்து, ஹேண்ட்பிரேக்கும் இறங்கியிருந்து, அப்படியும் சிவப்பும் மஞ்சளும் சேர்ந்து எரிந்தால் பின் சக்கரத்துக்கு அழுத்தத்தைப் பங்கிடுகிற வேலையும் நின்றிருக்கலாம், அப்படி இருக்கிற வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், இழுத்து வரச் சொல்லுங்கள் என்றார். இத்தனை வருஷத்தில் இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் ஸ்பேனரே எடுக்கவில்லை. என்னிடம் ஆன்லைனில் வாங்கிய ப்ளூடூத் ஓபிடி (வண்டியில் பதிவாகிற பழுதுக் குறியீட்டைப் படிக்கிற கருவி) ஒன்று உண்டு, அது இன்ஜின் குறியீடு மட்டும்தான் படிக்கும், ஏபிஎஸ் பக்கம் எட்டிப் பார்க்காது. அவருடைய ஸ்கேனர் சி0035 என்ற குறியீட்டைக் காட்டியது, முன் இடது சக்கர வேக சென்சார் சர்க்யூட். நேற்றுவரை பார்த்த கடை என்றால் அந்த நிமிஷமே இன்னொரு சென்சார் போட்டிருக்கும். இவர் வண்டியை எடுத்து ரோட்டில் மெதுவாக ஓட்ட, மடியில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்த அவர் அக்கா மகன், "மாமா, மூணு வீலும் இருபது காட்டுது, முன்னாடி லெஃப்ட் மட்டும் ஜீரோ" என்றான்.

திரும்பி வந்து கனெக்டரில் வோல்ட் பார்த்தார், வருகிறது. ஆனால் மீட்டரை ஓம்ஸில் (மின்தடை பார்க்கிற அளவு) வைத்துச் சென்சாரைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டேன். இது ரெண்டு ஒயர் ஆக்டிவ் சென்சார், உள்ளே ஐசி (சின்ன சிப்) இருக்கு, மீட்டர் அனுப்புகிற கரண்டே அதைக் கெடுத்துவிடலாம், ஓம்ஸ் பார்ப்பதெல்லாம் பழைய காயில் டைப்புக்குத்தானாம்.

அப்புறம் சக்கரத்தைக் கழற்றி, ஆக்ஸிலையும் உருவிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பச்சையாக ஒரு சின்ன அட்டை எடுத்தார். ரேக்கில் இருந்த புதுப் பேரிங்கின் ஒரு முகத்தில் அதை வைத்தால் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிகிறது. காந்தமாம், சென்சார் எண்ணுவது அந்தக் கோடுகளைத்தான். மறு முகத்தில் வைத்தால் வெறும் பச்சை. என் வண்டியில் சென்சார் பார்க்கிற பக்கம் வைத்தார். வெறும் பச்சை. பேரிங்கைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார்கள்! பிரஸ்ஸில் வைத்து எடுத்தால் பேரிங் வீணாகிவிடும் என்பதால் இன்னொன்று வாங்க வேண்டி வந்தது.

காத்திருந்த நேரத்தில் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள ஒரு காருக்குப் பின் பிரேக் பேடு மாற்றினார்கள். அந்த வண்டிக்காரர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அங்கேயே நடமாட, அதை வாங்கித் தூரத்தில் மேஜையில் வைத்தார். கை உள்ளே இருக்கும்போது ஹேண்ட்பிரேக் மோட்டார் இழுத்தால் விரல் போய்விடும். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, ஸ்கேனரில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோய் மோட்டாரைப் பின்னால் இழுத்த பிறகுதான் பிஸ்டனை அழுத்தினார்கள். சில இடங்களில் சி கிளாம்ப் போட்டு நேரடியாக நெருக்குவதைப் பார்த்திருக்கிறேன், அதில் காலிப்பரில் (பேடை அழுத்துகிற பாகம்) இருக்கிற மோட்டாரே போய்விடலாம்.

பிரேக் ஆயிலையும் சோதித்தார், ஈரம் ஏறியிருந்தது. டாட் 4 என்கிற பிரேக் ஆயில் வகை புதுசில் குறைந்தது 230 டிகிரிவரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதை நான் நாலு வருஷமாக ஓட்டியிருக்கிறேன். சீல் பிரிக்காத டின்னை என் எதிரில்தான் உடைத்தார். கடைசியில் ஆள் இல்லாத ரோட்டில் நாற்பதில் போய் ஓங்கி மிதிக்கச் சொன்னார், பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்தது (ஏபிஎஸ் வேலை செய்கிற அடையாளம் அது), வண்டி நேராக நின்றது.

பேரிங் 1,900, கூலி 1,500, ஸ்கேன் 500, ஆயிலோடு சேர்த்து மொத்தம் 4,700. முன்பு கழற்றிப் போட்ட பழைய சென்சார் டிக்கியில் கிடந்தது, அதையும் மாட்டிப் பார்த்தார். நன்றாக வேலை செய்கிறது.

குறை இல்லாமல் இல்லை. போன் எடுக்கவே மாட்டார். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதிலும் ஆயில் கறை. கழிப்பறை கிடையாது, பெண்களோடு போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பில் துண்டுச் சீட்டில் கையெழுத்தில்தான். ஒரு நாளைக்கு ரெண்டு வண்டிக்குமேல் எடுப்பதில்லை, காலை எட்டரைக்குள் போனால் உண்டு, இல்லையென்றால் மறுநாள் வரச் சொல்லிவிடுவார். ஐந்துக்கு நாலு தருகிறேன், குறைத்த ஒன்று அந்த ஸ்டூலுக்கு.