கிருஷ்ணகிரியில் மரப்பலகைக்கு எண்ணெய் வாங்கப் போகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சமையல் மேடைக்கு மரப்பலகை போட்டவர்களும் போடப் போகிறவர்களும் கவனிக்கவும். பெரிய டின்னிலிருந்து தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் எண்ணெயை, கடைக்காரர் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் வாங்காதீர்கள். எனக்கு 850 ரூபாய் போனது, அதுகூடப் பரவாயில்லை, வீடே பற்றியிருக்கும்.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் பாட்டி வீட்டைப் பிரித்தபோது ஒரு தேக்கு உத்திரம் கிடைத்தது. கிரானைட் இவ்வளவு கிடைக்கிற ஊரில் எதற்கு மரம் என்று கேட்காதவர்கள் இல்லை. அந்த உத்திரம் விறகாகப் போக எனக்கு மனசு வரவில்லை. ஆசாரி அதை அறுத்து, ஒட்டி, இழைத்து ஆறடிப் பலகையாகச் செய்து கொடுத்தார். மாவு பிசைகிற இடம் என்பதால் பாலிஷ் வேண்டாம், எண்ணெய் மட்டும் போடுங்கள் என்றார். தேங்காய் எண்ணெய் போதுமே என்றார் அத்தை. ஆனால் அது காயாத எண்ணெய், கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும், எங்கள் பூரிக்கட்டையிலேயே பார்த்திருக்கிறேன். ஆளிவிதை எண்ணெய்தான் காற்றில் இறுகி மரத்துக்குள்ளேயே படலமாக நிற்கும். அதைத் தேடித்தான் அந்தப் பெயிண்ட் கடைக்குப் போனேன்.

தெளிவாகக் கேட்டேன். "அண்ணா, சமையல் மேடைக்கு, சப்பாத்தி மாவு படும், அதுக்கு ஏத்த லின்சீட் ஆயில் இருக்கா?" என்றதற்கு, "செக்குல ஆட்டினதுதான் அக்கா, குடிக்கவே செய்யலாம், தாராளமா ஊத்தி ஊற விடுங்க, துடைக்காதீங்க" என்றார். ஒரு லிட்டர் 850. பில்லில் 'ஆயில் 1' என்று மட்டும் எழுதியிருந்தது.

சொன்னபடியே ஊற்றினேன். மூன்றாம் நாள் பலகைமேல் பால் ஆடை மாதிரி சுருங்கிய தோல், தொட்டால் பிசுபிசுப்பு, ராகி மாவு சிந்தினால் அப்படியே ஒட்டிக்கொண்டது. வீடு முழுக்கப் பெயிண்ட் வாடை. இதைவிடப் பெரிய விஷயம் துணி. எண்ணெய் தேய்த்த பழைய துணியைச் சுருட்டிப் பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு, சித்திரை வெயிலில் பின்கட்டில் வைத்திருந்தேன். சாயங்காலம் மாமா அதை எடுக்கப் போய், "என்னம்மா இது, இப்படிச் சுடுது?" என்று கையை உதறினார். இந்த எண்ணெய் காயும்போது காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்துச் சூட்டை வெளிவிடும், சுருட்டிய துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய் தீக்குச்சியே இல்லாமல் பற்றிக்கொள்ளும். விற்றவர் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணியைக் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள். குழந்தைகள் இருக்கிற வீடு என்றால் இதை மறக்கவே கூடாது.

கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்தான் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இது டபுள் பாயில்ட், நாங்க பெயிண்ட்ல கலக்கறது." சீக்கிரம் காய்வதற்காக இதில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோகச் சேர்மானங்களைக் கலக்கிறார்கள். சன்னல், கதவுக்கு நல்ல சரக்குதான். சாப்பாடு படுகிற இடத்துக்கு ஆகாது. கடைக்குத் திரும்பிப் போனால் பின்னால் இருந்த டின்னில் டபுள் பாயில்ட் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. "லின்சீட்னா எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்கிறார். ஒன்றே இல்லை, அது அவருக்கும் தெரியும், பெயின்டர்களுக்கு அதையே லிட்டர் 300 ரூபாய்க்கும் குறைவாகக் கொடுக்கிறார். பணம் திரும்ப வரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம், ஆனால் பில்லில் 'ஆயில்' என்று மட்டும் இருந்தால் எதை வைத்துப் பேசுவது? பொருளின் முழுப் பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம்.

அப்புறம் மூன்று நாள் வேலை. டர்பன்டைன் தொட்டுத் தோலைச் சுரண்டி, 80, 120, 220 எண் உப்புத்தாள்களை வரிசையாகப் போட்டு, வாடை போகும்வரை சன்னலைத் திறந்து வைத்தேன். இப்போது போடுவது மெடிக்கல் கடையில் மலச்சிக்கலுக்குத் தரும் லிக்விட் பாரஃபின், லேபிளில் ஐ.பி. (இந்திய மருந்துத் தரக் குறி) என்று இருக்கும். இது காயாது, ஆனால் சிக்கும் பிடிக்காது. ராத்திரி தடவி, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். முதலில் நான்கு தடவை, பிறகு மாதம் ஒரு தடவை. தண்ணீர் தெளித்தால் முத்துமுத்தாக நிற்க வேண்டும், உறிஞ்சினால் மறுபடி தடவும் நேரம். நான்கு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிப் பூசினால் இன்னும் நன்றாக நிற்கிறது. நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய்தான் வேண்டும் என்றால் எதுவும் கலக்காத, லேபிள் ஒட்டி சீல் வைத்த, காய்ச்சாத எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிசாகத் தடவி அரை மணி நேரத்தில் முழுக்கத் துடையுங்கள். நன்றாக இறுக வாரக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் மறுபடி பிசுபிசுப்புதான்.

கழுவுதொட்டி ஓரத்தில் ஒரு கருப்புத் திட்டு மட்டும் இன்னும் இருக்கிறது. ஈரத்தோடு இரும்பு நார் போட்டுத் தேய்த்துவிட்டேன், தேக்கில் இரும்பும் தண்ணீரும் சேர்ந்தால் கறுத்துவிடுமாம். அதை இழைத்துத்தான் எடுக்க வேண்டும், ஆடி முடிந்ததும் வருகிறேன் என்று ஆசாரி சொல்லியிருக்கிறார்.