சாதா இசப்கோல் உமி: பேலியோ தட்டுக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

சேலத்தில் எந்த மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலும் கிடைக்கும், செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். அரிசி, இட்லி, சப்பாத்தியை நிறுத்தி, மாவுச்சத்தைக் குறைத்து கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவுமுறைக்கு மாறியவர்கள் இரண்டாவது வாரத்தில் மலச்சிக்கலுக்குத் தேடுவது இந்த இசப்கோலைத்தான். சர்க்கரையும் ஃப்ளேவரும் சேராத சாதா உமி நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம். ஆனால் தண்ணீரும் உப்பும் காயும் குறைவாக இருக்கும் சாப்பாட்டோடு இதைச் சேர்த்தால் மலம் இன்னும் இறுகும். "இசப்கோல் எடுத்தும் போகலையே" என்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

குஜராத், ராஜஸ்தான் பக்கம் விளையும் ஒரு சின்னச் செடியின் விதை மேல்தோல் இது. அட்டையில் "சத் இசப்கோல்" என்று போட்டிருந்தால் விதை நீக்கிய உமி என்று அர்த்தம். எடையில் ஐந்தில் நாலு பங்கு நார்தான், அதுவும் தண்ணீரை இழுத்துக் கூழாகும் நார். உடம்பில் சேரும் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. குடல் கிருமிகள் இதை அவ்வளவாகப் புளிக்க வைப்பதில்லை, அதனால் காலிஃபிளவர், முட்டைக்கோஸ் தரும் அளவுக்கு வாயு வராது. குறைந்த மாவுச்சத்து உணவுக்கு இது இவ்வளவு பொருந்திப் போவதற்குக் காரணம் இவைதான்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். நல்ல உமி வெளிறிய பிஸ்கட் நிறத்தில், லேசான இளஞ்சிவப்பு ஓட, படகு போல வளைந்த மெல்லிய செதில்களாக இருக்கும். கறுப்பு, செம்பழுப்புப் புள்ளிகள் அதிகம் தெரிந்தால் விதைத் துணுக்கும் மண்ணும் கலந்த மட்ட ரகம். மொத்த வியாபாரத்தில் 85, 95, 98, 99 சதவீதம் என்று தூய்மையை வைத்தே தரம் பிரிக்கிறார்கள். பாக்கெட்டில் இந்த எண் இருந்தால் 95-க்குக் கீழே போக வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் 100 மில்லி தண்ணீர், அதில் 1 கிராம் உமி. முதல் ஒரு மணி நேரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கலக்கிவிட்டு, பிறகு மூன்று மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். முதலில் செதில்கள் மேலே மிதக்கும், பிறகு ஒவ்வொன்றும் கண்ணாடி போலத் தெளிந்து உப்பி, கனமான கூழாகக் கீழே இறங்கும். அந்தக் கூழ் 40 மில்லிக்குக் குறையாமல் நின்றால் சரக்கு சரி, மருந்து நூல்கள் உமிக்கு வைத்திருக்கும் அளவும் அதுதான். பாதியளவுகூட வரவில்லை என்றால் அடுத்த முறை வேறு கடை பாருங்கள்.

ஆரஞ்சு, எலுமிச்சை ஃப்ளேவர் டப்பாக்கள் வேண்டாம். சில வகைகளில் ஒரு ஸ்பூனில் பாதிக்கு மேல் சர்க்கரையே இருக்கிறது. பின்பக்கம் சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எழுதியிருந்தால் திரும்ப ரேக்கிலேயே வைத்துவிடுங்கள். இன்னொன்று, நிலாவரை சேர்த்த சூரணங்கள். இசப்கோல் கேட்டால் "இது இன்னும் வேகமா வேலை செய்யும்" என்று இதை எடுத்துத் தரும் கடைகள் உண்டு. நிலாவரை நார் கிடையாது. குடலைத் தூண்டி முடுக்கிப் பேதியாக்கும் மருந்து அது. ஓரிரு நாள் அவசரத்துக்குச் சரி, மாதக்கணக்கில் தினமும் எடுக்கும் பொருள் அல்ல.

அளவுதான் பலரும் தவறும் இடம். முதல் நாலு நாள் ஒரு டீஸ்பூன் போதும், அது ஏறக்குறைய 2 கிராம். பிறகு காலை ஒன்று, மாலை ஒன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் மெல்ல ஏற்றி ஒரு நாளைக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், அதாவது 10 கிராம் வரை போகலாம். முதல் நாளே 10 கிராமில் ஆரம்பித்தால் வயிறு கல் மாதிரி உப்பிக்கொள்ளும். பெரிய டம்ளரில் 250 மில்லி தண்ணீர் எடுத்து, உமியைத் தூவி, கலக்கி, கெட்டியாகும் முன்பே குடித்துவிட வேண்டும். உடனே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர். உமியை வாயில் கொட்டிவிட்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது ஆபத்து. தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும். வயதானவர்களுக்குக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று முழுவதும் குடிக்க வையுங்கள். படுக்கப் போகும் நேரத்தில் குடிக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதை மாலைக்கோ இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கோ மாற்றிக்கொள்வது நல்லது. பலன் தெரிய 12 மணி நேரத்திலிருந்து மூன்று நாள் வரை ஆகும். இரண்டாம் நாளே "வேலை செய்யலை" என்று அளவை இரட்டிப்பாக்காதீர்கள்.

சரி, பேலியோவில் ஏன் சிக்கல் வருகிறது? மாவுச்சத்தைக் குறைத்ததும் உடம்பு சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜன் கரைகிறது. ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது, அதுவும் சேர்ந்து போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரில் உப்பும் கூடுதலாக வெளியேறும். முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். சித்திரை வெயிலில் சேலத்தில் நடந்தாலே உடம்பு வற்றிவிடும், அப்போது பெருங்குடல் மலத்திலிருந்துகூட தண்ணீரை உறிஞ்சும். இந்த நிலையில் உமியை மட்டும் சேர்த்தால் ஈரமில்லாத சிமெண்ட் மாதிரிதான். ஒரு நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் தண்ணீர், அதோடு மோரிலோ எலும்பு சூப்பிலோ கூடுதலாக அரை டீஸ்பூன் உப்பு. ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் இந்த உப்பையும் தண்ணீரையும் டாக்டரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது.

முட்டை, கோழி, மட்டன், பனீர், நெய் எதிலும் நார் இல்லை. ஒரு நாளைக்கு வேண்டியது 25 முதல் 40 கிராம், ஒரு டேபிள்ஸ்பூன் உமி தருவது 4 கிராம்தான். மிச்சம் காய்கறிப் பையிலிருந்து வர வேண்டும். அதற்கு அஸ்தம்பட்டி, சூரமங்கலம், தாதகாப்பட்டி உழவர் சந்தைகளே போதும். முருங்கைக்கீரை 100 கிராமில் நார் சுமார் 8 கிராம், கொத்தவரங்காயில் 5, தேங்காய் 50 கிராமில் நாலரை, பாதாம் 30 எண்ணத்தில் இன்னொரு நாலரை. இதுவே 22 வந்துவிட்டது. இதில் முருங்கைக்கீரைக்கு இணையே கிடையாது. பொரியலாகச் செய்து மேலே தேங்காய் தூவினால் ஒரே தட்டில் பாதிக் கணக்கு முடிகிறது.

ஏற்காட்டுப் பட்டர் ஃப்ரூட் இறங்கும் சீசனில் தினம் 100 கிராம் சதை சேர்த்தால் இன்னும் ஆறரை கிராம். கெட்டியாக வாங்கி செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். காம்புப் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கும்போது வெட்டலாம். ஜூஸ் கடையில் சர்க்கரை போட்டு அடித்துத் தரும் பட்டர் ஃப்ரூட் ஜூஸ் இந்தக் கணக்கில் வராது. வயிறு சரியில்லை என்றதும் வைக்கும் ஜவ்வரிசிக் கஞ்சியும் அப்படித்தான், சேலத்துப் பண்டம் என்ற பாசம் இருந்தாலும் அது முழுக்க மாவுச்சத்து. 100 கிராமில் 1 கிராம் நார்கூட இல்லை.

உமிக்கு உண்மையான போட்டி ஆளி விதை. 100 கிராமில் 27 கிராம் நார், உடம்பில் சேரும் மாவுச்சத்து 2 கிராமுக்குள். முழு விதையாகத் தின்றால் அப்படியே வெளியே வந்துவிடும், வறுத்துப் பொடிக்க வேண்டும். வறமிளகாய், பூண்டு, கறிவேப்பிலை, உப்பு சேர்த்து அரைத்தால் இட்லிப் பொடி மாதிரியே இருக்கும், ஆம்லெட் மேல் தூவலாம். ஒரு வாரத்துக்கு மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், விட்டால் சிக்கு வாடை வந்துவிடும். ருசிக்கும் தினசரிப் பழக்கத்துக்கும் ஆளி விதைக்கே நம் ஓட்டு. ஏற்கனவே இறுகிப்போன வயிற்றுக்கு மெதுவாக இளக்கம் தருவதில் இசப்கோல் ஒரு படி மேல்.

சிலருக்கு பேலியோவில் நேர்மாறாகப் பேதியாகப் போகும். காலையில் வெறும் வயிற்றில் வெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் போட்ட காபி, இல்லையென்றால் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மால்டிடால் என்ற இனிப்பு சேர்த்த சுகர் ஃப்ரீ ஸ்வீட் பெரும்பாலும் காரணமாக இருக்கும். முதலில் அவற்றை நிறுத்துங்கள். தயிரில் ஒரு டீஸ்பூன் உமி கலந்து சாப்பிடும் பழைய வழக்கம் இங்கே நன்றாகவே உதவுகிறது, அந்தக் கூழ் உபரித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பித்தப்பை எடுத்தவர்கள் கொழுப்பை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தைராய்டு மாத்திரை உட்பட எந்த மாத்திரைக்கும் இசப்கோலுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள், கூழ் மருந்தையும் பிடித்து வைக்கும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்றும்போதே டாக்டரிடம் சொல்லி அளவைச் சரி செய்ய வேண்டும். விழுங்கச் சிரமம் உள்ளவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள் இதைத் தொடவே கூடாது. வயிறு உப்பி, வாயுகூடப் பிரியாமல், வாந்தியும் வந்தால் இன்னொரு ஸ்பூன் கலக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் மாறிய மலப் பழக்கம் இருந்தாலும் பேலியோ மேல் பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

100 கிராம் பாக்கெட்டே வாங்குங்கள், தினம் 5 கிராம் என்றால் இருபது நாளில் தீரும். பிரித்ததும் ஈரமில்லாத பாட்டிலுக்கு மாற்றி, காய்ந்த ஸ்பூனால் மட்டும் எடுங்கள். ஒரு துளி ஈரம் பட்டாலும் அந்த இடத்தில் உமி கட்டியாகிவிடும்.