டிசி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது: படைக் குடும்பங்களுக்குக் கேந்திரிய வித்யாலயா எப்படி?

ராணுவமோ கடற்படையோ விமானப்படையோ, போஸ்டிங் ஆர்டர் வந்த அன்றே வீட்டில் பள்ளிப் பேச்சு ஆரம்பித்துவிடும். சூலூர், தாம்பரம், ஆவடி, அரக்கோணம், தஞ்சாவூர், வெலிங்டன் என்று தமிழ்நாட்டுக்குள் வந்தாலும் சரி, பதான்கோட், ஜோத்பூர் என்று வடக்கே போனாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: கேவி எனப்படும் கேந்திரிய வித்யாலயாவா, ஆர்மி பப்ளிக் ஸ்கூலா, ஊரில் இருக்கும் தனியார் பள்ளியா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டி கட்டும் குடும்பம், எப்பாடு பட்டாவது பிள்ளையை ஒருமுறை கேவிக்குள் சேர்த்துவிட வேண்டும். அதன் கட்டடத்துக்காகவோ மார்க்குக்காகவோ இதைச் சொல்லவில்லை. கேவி கொடுக்கும் டிசி, அதாவது மாற்றுச் சான்றிதழ், நாடு முழுக்க எல்லாக் கேவிகளிலும் செல்லுபடியாகிறது. வேறெந்தப் பள்ளியிலும் இந்த வசதி இவ்வளவு உறுதியாகக் கிடைப்பதில்லை.

கேவி தொடங்கியதே இதற்காகத்தான். 1963ல் ரெஜிமென்ட் பள்ளிகள் 20ஐ எடுத்து மத்தியப் பள்ளிகளாக மாற்றினார்கள். அப்பா எங்கே மாறினாலும் பிள்ளைக்கு ஒரே பாடம் என்பதுதான் நோக்கம். இன்று 1,200க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருந்தும் அந்த நோக்கம் மாறவில்லை. எந்த மாதம் எந்தப் பாடம் என்று பிரித்துக் கொடுக்கும் அட்டவணை எல்லாக் கேவிக்கும் பொது. ஆகஸ்டில் ஜோத்பூரிலிருந்து சூலூருக்கு வரும் ஏழாம் வகுப்புப் பையன், விட்ட இடத்திலிருந்து கணக்குப் பாடத்தைத் தொடரலாம். அதே என்சிஇஆர்டி புத்தகம், அதே கட்டம் போட்ட சட்டை. வடக்கே வாங்கிய குளிர்கால ஸ்வெட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நீலகிரிக்கு வந்தால் தேவைப்படும்.

டிசி விதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு கேவியிலிருந்து இன்னொரு ஊர்க் கேவிக்குப் பெற்றோரின் மாறுதலோடு வரும் பிள்ளைக்குச் சேர்க்கை தானாகவே உண்டு. வகுப்பு நிரம்பிவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. குடும்பத்தை அழைத்துப்போக முடியாத ஃபீல்ட் ஏரியாவுக்குப் போஸ்டிங் ஆனால், மனைவி பிள்ளைகளை விருப்பப்பட்ட ஊரில் குடிவைத்து அங்குள்ள கேவியில் சேர்க்கவும் விதி இடம் தருகிறது. லடாக் போகும் ஹவில்தாரின் குடும்பம் மதுரைக்கு வர முடிவது இதனால்தான். டிசியில் ‘பள்ளியை விட்டு விலகும் காரணம்’ என்ற கட்டத்தில் பெற்றோரின் மாறுதல் என்று எழுதியிருக்கிறதா என்று அலுவலகத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பாருங்கள். ‘பெற்றோரின் விருப்பம்’ என்று இருந்தால் புதிய ஊரில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். மூவ்மென்ட் ஆர்டர் (புதிய இடத்துக்குக் கிளம்பச் சொல்லும் உத்தரவு) நகலையும் கூடவே இணைத்துவிடுங்கள். ஒரே ஊருக்குள் மாறுவது மட்டும் வேறு கதை. ஆவடியில் குவார்ட்டர்ஸ் மாறியதால் பக்கத்துக் கேவிக்குப் போக வேண்டும் என்றால் அது உள்ளூர் மாறுதல். கேவி நிர்வாகத்தின் மண்டல துணை ஆணையரின் அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது.

சிரமமெல்லாம் முதல் நுழைவில்தான். தனியார் பள்ளியிலிருந்து வருகிற பிள்ளைக்கு இடம் காலியாக இருந்தால்தான் சேர்க்கை. ஒன்றாம் வகுப்புக்கு ஆன்லைன் விண்ணப்பம், மார்ச் 31 அன்று ஆறு வயது முடிந்திருக்க வேண்டும். இரண்டு முதல் எட்டு வரை தேர்வு கிடையாது, முன்னுரிமை வரிசைதான். ஒன்பதுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. மத்திய அரசு ஊழியர்கள் முதல் பிரிவில் வருவதால் படையினருக்கு முன்னிடம் உண்டு. ஆனால் படைத்தளத்துக்குப் பக்கத்துக் கேவியில் எல்லாருமே முதல் பிரிவுதான்! அங்கே யாருக்கு இடம் என்பதைக் கடந்த ஏழு ஆண்டில் எத்தனை மாறுதல் என்ற எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

இந்த எண்ணிக்கையில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் குறைந்தது 20 கிலோமீட்டர் தூரம் வேண்டும், ஓரிடத்தில் குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். நான்கு மாத கோர்ஸும் வேறு யூனிட்டில் தற்காலிகமாகப் பணிபுரியும் மூன்று மாத அட்டாச்மென்ட்டும் கணக்கில் வராது. யூனிட் கிளார்க் வழக்கமாகச் செய்வது என்ன? சர்வீஸ் ரெக்கார்டில் இருக்கும் எல்லா அசைவையும் எண்ணி ‘5’ என்று போட்டுவிடுவார். பள்ளியில் தேதிகளை வைத்துச் சரிபார்க்கும்போது அது 3 ஆகிவிடும். தவறான சான்றிதழ் என்று தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்யலாம். அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, ஊர் மூன்றையும் நீங்களே ஒரு தாளில் எழுதி, ஆறு மாதத்துக்குக் குறைந்ததை அடித்துவிட்டு, பிறகு கிளார்க்கிடம் கொடுங்கள். சான்றிதழில் கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரிய வேண்டும். முத்திரை மங்கலாக இருந்தால் அங்கேயே இன்னொரு முறை குத்தச் சொல்லுங்கள்.

கட்டணத்தில் கேவியை அடித்துக்கொள்ள ஆளில்லை. சேர்க்கைக் கட்டணம் 25 ரூபாய். எட்டாம் வகுப்பு வரை டியூஷன் ஃபீஸ் கிடையாது; வித்யாலய விகாஸ் நிதி (பள்ளி வளர்ச்சி நிதி) மாதம் 500, மூன்றாம் வகுப்பிலிருந்து கணினிக்கு 100. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் காலாண்டுக்கு 1,800 ரூபாயோடு முடிந்தது. ஒன்பது, பத்தில் பையன்களுக்கு டியூஷன் ஃபீஸ் 200, பதினொன்று பன்னிரண்டில் அறிவியல் பிரிவுக்கு 400, மற்றவற்றுக்கு 300. பெண் பிள்ளைகளுக்கு டியூஷன் ஃபீஸே இல்லை.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரந்தர ஆசிரியர் இல்லாத இடங்களைத் தொகுப்பூதிய ஆசிரியர்கள் நிரப்புகிறார்கள். அவர்கள் ஆண்டுதோறும் மாறுவதால் ஏப்ரல், ஜூலை மாதங்களில் சில பாடங்கள் தள்ளாடும். வகுப்பில் கூட்டம் அதிகம். டிசியோடு வருபவர்களை மறுக்க முடியாத விதியின் மறுபக்கம் அது. எல்லாவற்றையும் விட வலிப்பது தமிழ். ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம், இந்தி, சமஸ்கிருதம் என்றே பெரும்பாலும் ஓடுகிறது. போதிய எண்ணிக்கையில் பெற்றோர் எழுதிக் கேட்டால்தான் ஒப்பந்த ஆசிரியரை வைத்துத் தமிழ் வகுப்பு நடக்கும். சூலூரிலோ தாம்பரத்திலோ இருப்பவர்கள் தனித்தனியாகக் கேட்காமல் சேர்ந்து மனு கொடுங்கள், கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கொடுங்கள். வடக்கே வளரும் பிள்ளைக்குத் தினம் அரை மணி நேரம் வீட்டில் தமிழ் எழுதப் பழக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பின்னால் மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை அங்கே தமிழ் கட்டாயம்.

ஆர்மி பப்ளிக் ஸ்கூல் பக்கம் வருவோம். இவற்றை நடத்தும் ராணுவ நலக் கல்விச் சங்கம் 1983ல் தொடங்கப்பட்டது. இன்று 130க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. பாடத்திட்டம் இங்கேயும் சிபிஎஸ்இதான். பணியில் உள்ள ராணுவத்தினர் பிள்ளைகளுக்கு முதலிடம், போஸ்டிங்கில் வந்தால் ஆண்டின் நடுவிலும் சேர்க்கை. கட்டணம் ரேங்குக்கு ஏற்ப மாறும், கேவியை விட நிச்சயம் அதிகம். பள்ளியை அந்தந்தப் படைத்தள நிர்வாகமே நடத்துவதால் ஊருக்கு ஊர் தரமும் கட்டணமும் விதிகளும் வேறுபடும். ஆங்கிலப் பேச்சு, விளையாட்டு, மேடைப் பயிற்சி இவற்றில் பல பள்ளிகள் கேவியை விட ஒரு படி மேல். கண்டோன்மென்ட்டுக்குள்ளேயே இருந்தால் பஸ் கவலையும் இல்லை. ஆனால் அடுத்த போஸ்டிங் ஊரில் இந்தப் பள்ளி இல்லையென்றால், அங்குள்ள கேவியில் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். இதை யோசிக்காமல் சேர்ப்பவர்கள்தான் இரண்டு வருடம் கழித்துத் திண்டாடுகிறார்கள். நாலைந்து வருடம் ஒரே ஊர் என்று உறுதியாகத் தெரிந்தால் தாராளமாகச் சேர்க்கலாம்.

வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரிக்கு வரும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்டாஃப் கோர்ஸ் 45 வாரம், ஜூன் வாக்கில் தொடங்கி ஏப்ரல் வாக்கில் முடியும். சிபிஎஸ்இ பள்ளி ஏப்ரலில் தொடங்குகிறது. ஆகவே பிள்ளை பழைய ஊரில் புது வகுப்பைத் தொடங்கி, சில வாரத்தில் மலை ஏறும். பழைய பள்ளியில் ஏப்ரலில் முழு ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிவிடாதீர்கள், ஒரு காலாண்டு போதும். இந்தப் பத்து மாதத்துக்காகக் குன்னூரின் பழைய கான்வென்ட் பள்ளிகளின் பெயரில் மயங்கி பாடத்திட்டத்தை மாற்றுவது ஆறாம் வகுப்புக்கு மேல் வேண்டாம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நகர்த்துவதுதான் உண்மையான ஆபத்து. ஒன்பதாம் வகுப்பிலேயே சிபிஎஸ்இ பதிவு நடந்துவிடுகிறது. அதில் இருக்கும் பாடக் குறியீடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: இந்தி ‘ஏ’ 002, இந்தி ‘பி’ 085, சமஸ்கிருதம் 122, தமிழ் 006. பழைய பள்ளியில் தமிழ் 006 எடுத்த பெண் பத்தாம் வகுப்புக்கு வடக்கே போனால் அங்கே தமிழாசிரியர் இருக்கமாட்டார். பதினொன்றில் உயிரியலோடு கணினி அறிவியல் எடுத்தவருக்குப் புதிய பள்ளியில் அந்தப் பாடத் தொகுப்பே இல்லாமல் போகலாம். பத்திலும் பன்னிரண்டிலும் புதிதாகச் சேர சிபிஎஸ்இயின் ஒப்புதல் தேவை, 75 சதவீத வருகையும் வேண்டும். முடிந்தவரை இந்த இரண்டு வகுப்பிலும் பிள்ளையை அசைக்காதீர்கள். பொதுத்தேர்வைக் காரணம் காட்டி இருக்கும் குவார்ட்டர்ஸைத் தக்கவைத்துக்கொள்ள அனுமதி கேட்க வழி இருக்கிறது. ஆர்டர் வந்தவுடனே விண்ணப்பியுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வை மனதில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: எட்டு முதல் பன்னிரண்டு வரை முழுக்க இங்கே படிக்காத பிள்ளைக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். லீவில் ஊருக்கு வரும்போதே வாங்கி வையுங்கள்.

அலைச்சலே வேண்டாம் என்பவர்களுக்கு உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளி என்ற விடுதிப் பள்ளி இருக்கிறது, 1962லிருந்து. ஆறிலும் ஒன்பதிலும் அகில இந்திய நுழைவுத் தேர்வு. படையினர், முன்னாள் படையினர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகளும் சேரலாம். ஆறாம் வகுப்புத் தேர்வில் 300 மதிப்பெண்ணில் 150 கணக்குக்கு மட்டும், ஆகவே நான்காம் வகுப்பிலிருந்தே கணக்கில் கை வைக்க வேண்டும். பெங்களூரு ராஷ்ட்ரிய மிலிட்டரி ஸ்கூலில் ஜவான், ஜேசிஓ (இளநிலை அதிகாரி) பிள்ளைகளுக்கு இடம் அதிகம்; தமிழ்க் குடும்பங்கள் பலருக்கும் இது தெரிவதில்லை.

பண விஷயம். குழந்தைகள் கல்விப் படி 2024 ஜனவரி முதல் மாதம் 2,812.50, ஆண்டுக்கு 33,750 ரூபாய், மூத்த இரண்டு பிள்ளைகளுக்கு. செலவு எவ்வளவு ஆனாலும் இந்தத் தொகை மாறாது. கேவியில் ஆண்டுக்கு 7,200 கட்டும் வீட்டில் மீதி கையில் நிற்கும். வீட்டிலிருந்து 50 கிலோமீட்டருக்கு அப்பால் விடுதியில் இருந்தால் விடுதி மானியம் மாதம் 8,437.50 வரை. ஆண்டு முடிந்ததும் பிள்ளை அங்கே படித்தது என்று காட்டும் தலைமையாசிரியரின் போனஃபைட் சான்றிதழோடு கேட்க வேண்டும். ஆண்டின் நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளியிலிருந்தும் சான்றிதழ் வேண்டியிருக்கும். கிளம்பும் முன்பே பழைய பள்ளியில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

கடைசியாகப் பெயர். நம் பிள்ளைகளுக்கு இனிஷியல்தான். பிறப்புச் சான்றிதழில் ‘கவின் எஸ்’, ஆதாரில் ‘எஸ் கவின்’, படையில் குடும்ப விவரம் பதியும் பார்ட் டூ ஆர்டரில் ‘கவின் சரவணன்’ என்று மூன்று விதமாக இருக்கும். மாணவர் அடையாள எண்ணான அபார் எண் பதிவில் ஆதாரோடு பெயர் பொருந்தவில்லையென்றால் அங்கேயே நிற்கும். பெயரை ஒன்றாம் வகுப்பிலேயே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பதிவுக்குப் பிறகு திருத்துவது பெரும்பாடு. டிசி வாங்கும் அன்று, மாணவர் விவரம் பதியும் அரசின் யூடைஸ் தளத்தில் பிள்ளையை விடுவித்துவிட்டார்களா என்றும் கேளுங்கள். பழைய பள்ளி விடுவிக்காத வரை புதிய பள்ளி அந்தப் பதிவை இழுத்துக்கொள்ள முடியாது. ஊரை விட்டுப் போன பிறகு 2,000 கிலோமீட்டர் தள்ளியிருந்து போன் போட்டுக் கேட்பதை விட, அந்தக் கவுன்ட்டரில் பத்து நிமிடம் காத்திருந்து திரையில் பார்த்துவிட்டு வருவது மேல்.