தோப்புச் சாளையில் ஐந்து வருஷம்: என் .177 ஏர் ரைஃபிள் அனுபவம்

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. சாளையில், அதாவது தோப்பு வீட்டில், தேங்காயும் மாட்டுத் தீவனமும் கிடக்கும், அதைத் தேடிப் பெருக்கான் என்கிற பெரிய எலியும் வரும். முன்பெல்லாம் எலி மருந்துதான் வைப்போம். ஒருநாள் மருந்து தின்று செத்த எலியை எங்கள் நாய் தின்றுவிட்டது, ராத்திரி முழுக்கத் துடித்து விடிவதற்குள் போய்விட்டது. இனி இந்த வீட்டில் மருந்து கூடாது என்று அம்மா சொன்ன பிறகுதான் காற்றழுத்தத்தில் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டைச் சுடும் ஏர் ரைஃபிள் வாங்கக் கிளம்பினேன்.

கடையில் நானும் முதலில் கேட்டது, எதில் பவர் அதிகம் என்றுதான். கடைக்காரர் .22 ஒன்றை எடுத்து வைத்து, "லைசென்ஸெல்லாம் யாருங்க கேக்கறாங்க" என்றார். அதை நம்பி வாங்கியிருந்தால் மாட்டியிருப்பேன். 2016 ஆயுத விதிகளின்படி குழல் 4.5 மி.மீ.க்கு மேல் போனாலோ, பெல்லட் குழலை விட்டுக் கிளம்பும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டினாலோ லைசென்ஸ் வேண்டும். .22 என்றால் 5.5 மி.மீ., ஆக அது எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ் கணக்கில்தான் வரும். நான் .177 எடுத்தேன், அதாவது 4.5 மி.மீ., பேரலை மடக்கி ஸ்பிரிங்கை அமுக்கும் ரகம், அடையாள அட்டை நகல் கொடுத்து பில்லோடு வாங்கினேன்.

.22-ஐ விட்டு இதை எடுத்ததில் வருத்தம் உண்டா என்றால் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிராமுக்குக் கொஞ்சம் மேலிருக்கும் .177 பெல்லட் விநாடிக்கு 250 மீட்டரில் கிளம்பினால் சுமார் 16 ஜூல். இங்கிலாந்தில் தனிச் சான்றிதழ் இல்லாமல் வைத்துக்கொள்ள உள்ள வரம்பும் ஏறக்குறைய இதுதான், அங்கே எலியும் முயலும் இதில்தான் அடிக்கிறார்கள். அதே 16 ஜூல் ஆற்றலை .22-க்குக் கொடுத்தால் பெல்லட் கனம், அதனால் மெதுவாகப் போகும், 25 மீட்டரில் குழலின் நேர்கோட்டிலிருந்து பத்து செ.மீ.க்கு மேலேயே இறங்கிவிடும். .177 ஐந்தாறு செ.மீ.தான் இறங்கும். .22 பட்டால் காயம் பெரிசு, அதை மறுக்கவில்லை. ஆனால் ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் எலி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று யாருக்குச் சரியாகத் தெரியும்? ஐந்து மீட்டர் தப்பாகக் கணித்தாலும் .177 தலையை விட்டு அதிகம் விலகாது. அடிபட்டுப் பொந்துக்குள் ஓடிப்போய் இரண்டு நாள் கிடந்து சாகிற எலியைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று புரியும். நான் 20 மீட்டருக்கு மேல் சுடுவதே இல்லை.

முதல் ஆறு மாசம் ஒன்றும் சரியாகப் படவில்லை, துப்பாக்கியில்தான் கோளாறு என்று நினைத்தேன். தப்பு என் பிடியில். ஸ்பிரிங் துப்பாக்கி பெல்லட் வெளியே போவதற்குள் முன்னும் பின்னும் உதறும், அதை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் போகும். முன்கட்டையை உள்ளங்கையில் சும்மா வைத்து, தோளில் லேசாகச் சேர்த்துச் சுட ஆரம்பித்த வாரமே 20 மீட்டரில் ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழுந்தன. அந்த உதறலிலேயே முதலில் போட்ட மலிவு ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) உள்கம்பி இரண்டு மாசத்தில் கழன்றது. ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்று செய்த ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

பெல்லட்டில் உருண்டைத் தலை ரகம் ஒன்றுதான் எனக்கு ஒத்து வந்தது, கூர்முனை ரகம் சிதறியது. உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்பதை நாலு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடாதீர்கள், பிஸ்டன் மோதிக் கெட்டுப்போகும். காற்று வரும் துளையில் எண்ணெய் விடவே வேண்டாம், அழுத்தத்தில் அது பற்றிக்கொண்டு புகை வரும், சீல் கருகும். நாலாவது வருஷம் ஸ்பிரிங் தளர்ந்து மாற்றினேன், வேறு செலவில்லை. பெல்லட் ஈயம் என்பதால் சுட்ட எலியை ஆழமாகப் புதைத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன்.

அப்புறம் வேட்டை. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து, "ஏனுங்க தம்பி, இதுல பன்னி விழுமா?" என்றார். விழாது, காயம் பட்டு வெறிபிடித்துத் திரும்பும். கேரளத்தில் 2022-இல் இருந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவரே அனுமதி கொடுக்கலாம், ஆனால் சுடுவது லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்தான். மயில் இங்கே தோப்புக்குத் தோப்பு திரிகிறது, நாற்றைத் தின்கிறது, எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை, ஜெயில் நிச்சயம். முயல், காடை, கவுதாரி எதையும் 1972 வனவிலங்குச் சட்டம் விடாது. அவற்றுக்காக வாங்குவதாக இருந்தால் வாங்கவே வேண்டாம்.

அண்ணனுக்கும் இதையே சொல்லி, சாளைக்குப் பின்னால் மண்மேடு போட்டுத் தகர டப்பா வைத்துச் சுடக் கற்றுக்கொடுத்தேன். மண்மேடு இல்லாமல் சுவரில் சுட்டால் பெல்லட் திரும்பி வரும், கண் போய்விடும். இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவரும் வருகிறார், போன வாரம் என்னைவிட நெருக்கமாக விழுந்தது அவருக்கு.