ஜன்னலா, எக்ஸாஸ்ட் ஃபேனா, ஏர் பியூரிஃபையரா?

வீட்டில் ஒருவருக்கு ஃப்ளூவோ கொரோனாவோ வந்தால் தனி அறை கொடுத்துவிடுகிறோம். அந்த அறையின் காற்றோ கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு வந்துகொண்டேதான் இருக்கும்.

ஜன்னலைத் திறப்பதற்குச் செலவில்லை. ஆனால் நம்மூரில் சாயங்காலம் ஆறு மணியானால் கொசு வந்துவிடும், சாத்தியாக வேண்டும். காற்று போகும் திசையும் நம் கையில் இல்லை. சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து அடிக்கும். நோயாளி கிழக்கு அறையில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுத்திருந்தால், அவர் விட்ட மூச்சை அது ஹாலுக்குத் தள்ளிவிடும்.

அதனால் என் ஓட்டு எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு. அறையோடு சேர்ந்த பாத்ரூமில் அது இருந்தால் பாத்ரூம் கதவைத் திறந்து, அறைக்கதவையும் ஜன்னலையும் சாத்தி ஓடவிடுங்கள். அறைக்கதவின் அடியிடுக்கில் டிஷ்யூ பேப்பரைப் பிடித்தால் அது உள்பக்கம் இழுபட வேண்டும். ஹால் பக்கம் பறந்தால் ஃபேன் போதவில்லை. ஜன்னல் திறந்திருந்தால் ஃபேன் அந்தக் காற்றையே இழுத்துக்கொள்ளும், ஹாலுக்குக் காவல் இருக்காது. இன்னொன்று: பாத்ரூம் தரைச் சல்லடையில் தினம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அதன் அடியிலுள்ள குழாய் வளைவில் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. 2003-ல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் சார்ஸ் என்ற சுவாச நோய் வந்தது. தரை வடிகாலின் வளைவில் தண்ணீர் வற்றியிருக்க, எக்ஸாஸ்ட் ஃபேன்கள் சாக்கடைக் குழாயின் காற்றை உள்ளே இழுத்தது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ராத்திரி ஏசி போட்டால் கணக்கே வேறு. ஸ்பிளிட் ஏசி உள்காற்றைத்தான் திரும்பத் திரும்பச் சுற்றிவிடும். எக்ஸாஸ்ட் போட்டால் குளிர்ச்சி போய்விடும், கரண்ட் பில்லும் ஏறும். அங்கேதான் பியூரிஃபையருக்கு வேலை. அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் 'ஹெப்பா 99.97%'-ஐ (வடிகட்டி பிடிக்கும் நுண்துகளின் அளவு) விட, மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தருகிறது என்ற 'சிஏடிஆர்' எண்தான் முக்கியம். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2023-ல் சொன்ன மணிக்கு 5 காற்று மாற்றத்துக்கு, அதாவது அறையின் கொள்ளளவைப் போல் ஐந்து மடங்கு சுத்தக் காற்றுக்கு, சிஏடிஆர் 170 வேண்டும். பெட்டியில் இருப்பது முழு வேகத்தில் ஓடும்போதுள்ள எண். தூங்கும்போது அந்த இரைச்சலை யார் தாங்குவார்கள்? இரு மடங்கு திறனுள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டலாம். வைக்க வேண்டியது நோயாளியின் அறையில்.

காற்றில் மின்னூட்டம் ஏற்றும் அயனைசர் வேண்டாம், சில மாடல்கள் நுரையீரலுக்கு ஆகாத ஓசோன் வாயுவை விடும்.

பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுப்பவரை இவை எதுவும் முழுசாகக் காப்பாற்றாது. அவருக்கு என்95 மாஸ்க் வேண்டும்.